கடலுக்கு அடிப்படை ஆண்டு தந்தவர்

விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கணக்கிட ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும். அது இல்லையெனில் விலை ஏறியதா, இறங்கியதா என்று எவராலும் கூற இயலாது. கடலுக்கும் இதே விதிதான். இந்தியப் பெருங்கடலின் உயிர்வளத்துக்கு அத்தகைய அடிப்படையை அமைத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் என். கேசவ பணிக்கர்.

1913-இல் கோட்டயத்தில் பிறந்தவர். நன்னீரிலும் உவர்நீரிலும் இறால் தன் உடலின் உப்பளவை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பது பற்றி 1941-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1950-களில் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்றார்.

அந்நாளில் மண்டபமும் சிவகாசியை அடுத்த எங்கள் எம். புதுப்பட்டியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன; 1985-இல்தான் பிரிந்தன. பட்டாசு காய வெயிலையும், நிலம் விளைய மழையையும் வேண்டி வானம் பார்ப்பவர்களுக்குக் கடல் ஆய்வு தொலைதூரச் செய்தியே. ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் அந்த வானத்துக்கு ஈரம் தருவது வங்கக் கடல்தான்.

பணிக்கரின் வாழ்வில் பெரிய அத்தியாயம் 1960-களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதில் பங்கேற்றன. நம் கடற்படையின் கிருஷ்ணா சென்றது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் உலா வந்த உல்லாசக் கப்பலும் ஆன்டன் புரூன் என்று பெயர் மாறி வந்து சேர்ந்தது. இந்தியப் பங்களிப்பை வழிநடத்தியவர் பணிக்கர்.

கடலில் நீரோட்டத்தின் போக்கில் திரியும் நுண்ணிய தாவரங்களும் விலங்குகளுமே மிதவை உயிரிகள். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நிகழ்கிறது. மத்தி மீனுக்கு இவையே இரை. ஆளுக்கொரு வலையில் பிடித்தால் ஒப்பிட முடியாது. ஆகவே, விலங்கு மிதவை உயிரிகளைச் சேகரிக்க ஒரே அளவுள்ள வலையை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுப்பது என்று முறை வகுக்கப்பட்டது. மாதிரிகள் கொச்சியில் யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த உயிரியல் மையத்தில் இனம் பிரிக்கப்பட்டன. புகழ் தராத, கண்ணை வருத்தும் வேலை அது. அதன் பயனாக வெளிவந்த வரைபடத் தொகுதிகளுக்குப் பணிக்கரே பதிப்பாசிரியர்.

1966-இல் தேசிய கடலியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார். 1977-இல் மறைந்தார்.

வட அட்லாண்டிக்கில் 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னே கருவி கட்டி மிதவை உயிரிகளைச் சேகரித்து வருகிறார்கள். வெப்பநீர் இனங்கள் 40 ஆண்டுகளில் சுமார் 10 பாகை வடக்கே நகர்ந்ததை அந்தத் தொடர் பதிவே காட்டியது. நமக்கு அத்தகைய இடையறாத பதிவு இல்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 விழுக்காடு வரை குறைந்திருக்கலாம் என்று 2016-இல் வெளியான ஆய்வு கூறியது. மேற்பரப்பு நீர் சூடேறி மூடிபோல் படிவதால் ஆழத்துச் சத்துகள் மேலே வருவதில்லை என்பது அது காட்டும் காரணம். அந்தக் கணிப்பு பெரிதும் செயற்கைக்கோளையும் கணினி மாதிரிகளையும் சார்ந்தது. எந்த இனம் குறைந்தது, எது புதிதாய்ப் புகுந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதற்குப் பணிக்கர் காலத்து மாதிரிகளோடு இன்றைய மாதிரிகளை ஒப்பிட வேண்டும். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இனம் பிரிக்கத் தெரிந்தவர்களோ அருகி வருகிறார்கள், அவர்களுக்கான பணியிடங்களும்தான்.