மூளைக்குக் காவல் தேடிய கொசு வேட்டைக்காரர்!

குட்டீஸ்... புதுச்சேரி வீதிகளில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? நேரு வீதி, மகாத்மா காந்தி வீதி போன்ற பெரிய வீதிகள் உண்டு. அவற்றிலிருந்து பிரியும் சின்னச் சின்ன சந்துகளும் உண்டு. பெரிய வீதியில் லாரி வந்து நிற்கும். ஆனால், உங்கள் வீட்டு வாசலுக்குப் பாலும் தண்ணீர் கேனும் வந்து சேர்வது சந்து வழியாகத்தான். அந்தச் சந்தை யாராவது அடைத்துவிட்டால் என்ன ஆகும்? பெரிய வீதி திறந்தே இருந்தாலும், வீட்டுக்கு ஒன்றும் வந்து சேராது!

நம் மூளைக்குள்ளும் இப்படிச் சந்துகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் தந்துகிகள். தலைமுடியைவிடச் சுமார் பத்து மடங்கு மெல்லிய ரத்தக் குழாய்கள் அவை. ஒருவர் மூளையில் உள்ள தந்துகிகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்து நீட்டினால், சுமார் 600 கிலோ மீட்டர் வரும் என்று கணக்கிட்டுள்ளனர். அதாவது, புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம்!

நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூறில் இரண்டுதான். ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்கவும் மூளைக்குத் தெரியாது. ரத்தம் சில நிமிடங்கள் வராவிட்டாலே மூளையின் செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

இந்தச் சந்துகளை அடைக்கும் ஒரு பொல்லாத கிருமி உண்டு. மலேரியாக் கிருமிதான் அது! அது எந்த வழியாக மனித உடலுக்குள் நுழைகிறது என்று துப்புத் துலக்கியவரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

கவிஞராக ஆசைப்பட்ட சிறுவன்

1857-ம் ஆண்டு மே 13-ம் தேதி, இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார் ராஸ். இன்று அந்த ஊர் உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர்.

ஓவியம், கவிதை, இசை, கணக்கு... இவைதான் ராசுக்குப் பிடித்தவை. ஆனால், மகன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வேண்டா வெறுப்பாக லண்டன் செயின்ட் பர்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு தேர்வில் தோற்றும் போனார்! கப்பலில் மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே மறுபடி படித்துத் தேறினார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மதராசுக்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது, அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயை எட்டிப் பார்த்தார். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். கொசுவும் குறைந்தது! கொசு பிறக்கும் இடத்தையே ஒழிக்கலாம் என்ற பாடம் அன்றே அவர் மனதில் பதிந்தது.

ரத்தத்தில் ஒளிந்த திருடன்

அந்தக் காலத்தில், சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால்தான் மலேரியா வருகிறது என்று பலர் நம்பினர். அல்போன்ஸ் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், 1880-ல் அந்த நம்பிக்கையை அசைத்தார். நம் புதுச்சேரியைப் போலவே அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், மலேரியா நோயாளி ஒருவரின் ரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியை அவர் பார்த்தார்.

1890-களில் இத்தாலி டாக்டர்களான மார்க்கியாஃபாவாவும் பிக்னாமியும் இன்னொன்றைக் கண்டனர். கடுமையான மலேரியாவால் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தந்துகிகளில் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன!

அது எப்படி நடக்கிறது தெரியுமா? நல்ல சிவப்பணு ரப்பர் மாதிரி வளையும். தந்துகிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நெளிந்து போகும். பால்சிபாரம் என்ற வகை மலேரியாக் கிருமி உள்ளே புகுந்துவிட்டால், சிவப்பணு விறைத்துவிடும். அதன் மேல் நுண்ணிய முடிச்சுகள் முளைத்து, குழாயின் சுவரில் பசை போல ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் அணுக்களும் சிக்கிக்கொள்ளும். சந்து அடைபட்டது! அந்தப் பக்கம் காத்திருக்கும் மூளை செல்களுக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் சரியாகப் போய்ச் சேராது. நோயாளிக்கு வலிப்பு வரும். நினைவு தப்பும். உடனே சிகிச்சை தராவிட்டால் உயிரே போய்விடும். இதைத்தான் மூளை மலேரியா என்கிறார்கள்.

திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. அவன் எந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தான்? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கொசுவைச் சந்தேகப்படு என்று ராசிடம் சொன்னவர், லண்டனில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர். 1894-ல் அவரைச் சந்தித்த ராஸ், அடுத்த ஆண்டே இந்தியாவுக்குத் திரும்பி, செகந்திராபாத்தில் வேட்டையைத் தொடங்கினார்.

ஒரு கடிக்கு ஒரு அணா!

கொசுப் புழுக்களைப் பிடித்து வளர்த்து, கொசுவானதும் அவற்றை மலேரியா நோயாளியைக் கடிக்க விடுவார் ராஸ். பிறகு அந்தக் கொசுக்களைக் கீறி, வயிற்றுக்குள் தேடுவார். மேலே தொங்கும் பங்காவை இழுக்கச் சொல்ல முடியாது, கொசுக்கள் பறந்துவிடுமே! கொதிக்கும் வெயிலில், வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகளே துருப்பிடித்துவிட்டன.

இப்படி இரண்டு ஆண்டுகள் ஓடின. கிடைத்தது ஒன்றுமில்லை. ஏன் தெரியுமா? அவர் அதுவரை பார்த்ததெல்லாம் மலேரியாவைச் சுமக்காத வேறு வகைக் கொசுக்கள்!

நடுவே, 1897-ல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியாவுக்குப் பேர் போன சீகூர் மலைப்பாதைக்குப் போனார். கொசுவலைக்குள்தான் படுத்தார். அப்படியும் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. கொய்னா மருந்து சாப்பிட்டுத் தேறி, மீண்டும் செகந்திராபாத் போய் வேலையைத் தொடர்ந்தார்.

ஆகஸ்ட் மாதம், சிறகில் புள்ளிகள் கொண்ட புதுவகைக் கொசுக்கள் கிடைத்தன. அவைதான் அனாபிலிஸ் கொசுக்கள். உசேன் கான் என்ற நோயாளி, அவற்றுக்குத் தன் கையைக் கொடுத்தார். ஒரு கொசு கடித்தால் ஒரு அணா கூலி. பத்துக் கொசு கடித்ததற்குப் பத்து அணா வாங்கினார்.

1897, ஆகஸ்ட் 20. மிச்சம் இருந்த கொசுக்களில் ஒன்றைக் கீறிப் பார்த்தார் ராஸ். அதன் வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகளுடன் உருண்டையான செல்கள்! மலேரியாக் கிருமியின் அடையாளம் அந்தக் கரும்புள்ளிகள்தான். கதவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இன்றும் ஆகஸ்ட் 20-ம் தேதியை உலகக் கொசு தினமாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

குருவிகள் தந்த விடை

அடுத்த மாதமே, மலேரியா அதிகம் இல்லாத ராஜபுதனத்துக்கு அவரை மாற்றிவிட்டனர். ஆராய்ச்சி நின்றது. 1898-ல் கல்கத்தாவுக்கு வந்த பிறகுதான் மீண்டும் வேலை நடந்தது. அங்கே பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்தார். உதவியாளர் முகமது பக்ஸ் கொசுக்களைப் பிடித்துத் தந்தார். கொசுவின் வயிற்றில் வளரும் கிருமிகள், அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதை ஜூலையில் ராஸ் கண்டார். அந்தக் கொசுக்களை நல்ல குருவிகளைக் கடிக்க விட்டார். குருவிகளுக்கு மலேரியா வந்தது! கொசு கடிக்கும்போது எச்சிலோடு கிருமியும் இறங்குகிறது என்பது உறுதியானது.

மனிதர்களுக்கும் இதே வழியில்தான் மலேரியா வருகிறது என்பதை, அதே ஆண்டில் இத்தாலியில் கிராசியும் அவருடைய நண்பர்களும் நிரூபித்தனர். 1902-ல் ராசுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து லாவெரானும் நோபல் பரிசு பெற்றார்.

பரிசு வாங்கியதும் ராஸ் ஓய்ந்துவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குப் போய், தேங்கும் தண்ணீரை ஒழித்தால் மலேரியாவை விரட்டலாம் என்று எடுத்துச் சொன்னார். கவிதையும் நாவலும்கூட எழுதினார். 1932, செப்டம்பர் 16-ல் லண்டனில் காலமானார்.

உங்கள் வீட்டு மாடிக்குப் போங்கள்!

இன்று மலேரியாவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சீனாவின் டு யூயூ என்ற பெண் விஞ்ஞானி, ஒரு மூலிகையிலிருந்து கண்டுபிடித்த மருந்துக்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார். மூளை மலேரியா வந்தவர்களுக்கு அந்த வகை மருந்தைத்தான் ஊசியாகப் போடுகின்றனர். ஆனாலும், மருந்து தாமதமானால் ஆபத்து. பிழைத்து எழும் குழந்தைகளில் சிலருக்குப் பிறகும் வலிப்பு, பேச்சுக் குறை, படிப்பதில் சிரமம் என்று பாதிப்பு நீடிக்கிறது. சந்து திறந்தாலும், அதற்குள் சில செல்கள் பட்டுப்போய்விடுகின்றனவே! 2023-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு குழந்தைகள்.

ராஸ் தொடங்கிய வேட்டை நம் ஊரிலும் நடக்கிறது, தெரியுமா? புதுச்சேரி இந்திரா நகரில், ஜிப்மர் பக்கத்தில், கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய அரசு மையம் 1975 முதல் இயங்குகிறது.

நீங்களும் வேட்டைக்காரர் ஆகலாம், குட்டீஸ். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு, கிணற்றிலும் மாடித் தொட்டியின் நல்ல தண்ணீரிலுமே முட்டை இடும். இந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவையோ அக்காவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். தொட்டி சரியாக மூடியிருக்கிறதா, பழைய டயரிலோ வாளியிலோ தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெங்களூரில் ராஸ் செய்ததையே செய்யுங்கள். கவிழ்த்துக் கொட்டுங்கள்! குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், பயப்படாமல் உடனே வீட்டில் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மூளைக்குள் ஓடும் அந்த 600 கிலோ மீட்டர் சந்துகளும் எப்போதும் திறந்தே இருக்கட்டும்!