மலர்களை நாடிய மருத்துவர்

இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே மோஸ்லியில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் எட்வர்டு பாச். இலண்டனில் மருத்துவம் பயின்ற அவர், நுண்ணுயிரியல் ஆய்வில் ஈடுபட்டார். 1917இல் கட்டியொன்றை அறுவையால் அகற்றியபின், அவருக்கு மூன்று திங்களே வாழ்நாள் எனக் கூறப்பட்டது. அவரோ ஆய்வுக்கூடத்தில் மூழ்கி நலம் பெற்றார்; உள்ளத்தின் ஊக்கமே உடலைக் காத்ததென நம்பினார்.

1930இல் வருவாய் மிகுந்த இலண்டன் பணியைத் துறந்து, காட்டுச்செடிகளைத் தேடி நடந்தார். கோடையில் மலர்பவற்றைத் தெளிநீரிலிட்டு வெயிலில் வைத்தார். கதிரவன் வெம்மை குன்றிய முன்பருவத்தில் பூக்கும் மரங்களின் மலர்களைக் கொதிக்க வைத்தார். அச்சம், ஐயம், தனிமை முதலிய மனநிலைகளுக்கென 38 மருந்துகளை வகுத்தார். எவரும் தாமே செய்துகொள்ளுமாறு செய்முறையையும் வெளியிட்டார்.

1936இல் அவர் மறைந்தார். அம்மருந்துகளின் ஆற்றலைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. எனினும், நோயோடு நோயாளியின் உள்ளத்தையும் நோக்கிய அவரது பரிவு போற்றத்தக்கது.