சுல்தானின் படையில் ஒரு காஜி

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் இராது. அவரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் செய்திகளில் பல, உடனிருந்து கண்ட ஓர் ஆலிமின் பேனாவிலிருந்து வந்தவை. அவர்கள்தாம் காஜி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் (ரஹ்).

ஹிஜ்ரி 539, அதாவது கி.பி. 1145இல் மோஸுல் நகரில் பிறந்தார்கள். இயற்பெயர் யூசுப், சுல்தானின் இயற்பெயரும் அதுவே. சிறு வயதில் தந்தை இறந்துவிட, தாய்வழிப் பாட்டனார் ஷத்தாதின் குடும்பத்தார் வளர்த்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குர்துபாவிலிருந்து வந்து மோஸுலில் தங்கிய யஹ்யா இப்னு ஸஃதூனிடம் கிராஅத் கலையைப் பல்லாண்டுகள் ஓதினார்கள். பிறகு பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் துணை ஆசிரியர். ஊர் திரும்பி முதர்ரிஸ்.

மோஸுல் ஆட்சியாளருக்கும் ஸலாஹுத்தீனுக்கும் அப்போது பகை. 1184இல் சமாதானம் பேச டமாஸ்கஸ் சென்ற தூதர்களுள் இவர்களும் ஒருவர். பேச்சு பலிக்கவில்லை. ஆனால் இவர்களின் கல்வியைக் கண்ட சுல்தான், எகிப்தில் மதரஸாப் பதவி ஒன்றைத் தர முன்வந்தார். மறுத்துவிட்டார்கள். தூது போன இடத்தில் பதவி வாங்கினால், காரியம் கெட்டதற்கு இவரே காரணம் என்று ஊர் பேசாதா? 1186இல் மீண்டும் தூது சென்றபோது உடன்படிக்கை முடிந்தது. கை சுத்தமாக இருந்ததால் இரு தரப்பும் நம்பியது.

1188இல் ஹஜ்ஜை முடித்து, முந்தின ஆண்டு மீட்கப்பட்ட பைத்துல் முகத்தஸை ஜியாரத் செய்தார்கள். சுல்தான் ஆளனுப்பி அழைத்து, படையின் காஜியாகத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். நம் ஊர் காஜியாரைப் போல நிக்காஹ் பதிவேட்டோடு முடிகிற வேலையல்ல அது. படையோடு நகர வேண்டும். சிப்பாய்களின் வழக்குகளைத் தீர்க்க வேண்டும். தேவைப்பட்டால் தூதும் போக வேண்டும். ஜெர்மானியச் சக்கரவர்த்தி பெரும்படையுடன் வருகிறார் என்ற செய்தி 1189இல் எட்டியதும், ஸின்ஜார், மோஸுல், இர்பில் அரசர்களிடமும் பக்தாத் கலீபாவிடமும் உதவி கேட்கப் புறப்பட்டவர்கள் இந்தக் காஜிதான்.

1191இல் அர்ஸூஃப் களத்தில் நம்மவர் சிதறி ஓடியதையும், சுல்தானின் முரசருகே 17 பேரே எஞ்சியிருந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள். தம் பக்கத்துத் தோல்வியை இப்படி எழுதத் துணிந்தவர்கள் குறைவு.

1192 ஜூலைத் தொடக்கம். ஆங்கிலேய மன்னர் ரிச்சர்டின் படை பைத்துல் முகத்தஸை நெருங்கிவிட்டது. நகருக்குள் அடைபட்டு மடிய அமீர்கள் அஞ்சினார்கள். காஜி எழுந்து, நபித்தோழர்கள் உயிரைக் கொடுக்க பைஅத் செய்ததை நினைவூட்டிப் பேசினார்கள். ஆனாலும் தயக்கம் தீரவில்லை. அன்றிரவு சுல்தானுக்கு உறக்கமில்லை. காஜியும் உடன் விழித்திருந்தார்கள். மறுநாள் ஜும்ஆ. யாருக்கும் தெரியாமல் ஸதகா கொடுத்து, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடமே காரியத்தை ஒப்படைக்கும்படி சுல்தானிடம் சொன்னார்கள். ஜும்ஆவில் பக்கத்தில் நின்ற காஜி, ஸஜ்தாவில் சுல்தானின் கண்ணீர் தொழுகை விரிப்பில் விழுவதைக் கண்டார்கள். ஓரிரு நாளில் எதிரிப்படை திரும்பியது. சுற்றிலும் கிணறுகள் முன்பே தூர்க்கப்பட்டிருந்ததையும், தண்ணீர் பற்றி எதிரிகள் தமக்குள் பிணங்கியதையும் காஜி அதே பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். துஆவைச் சொல்லிக் கிணற்றை விட்டுவிடவில்லை. கிணற்றைச் சொல்லி துஆவையும் விட்டுவிடவில்லை.

செப்டம்பர் 2இல் உடன்படிக்கை ஏற்பட்டது. கடற்கரையில் யாஃபா முதல் ஸூர் வரை கிறிஸ்தவர் வசம் இருக்கும். அவர்களின் யாத்திரிகர் பைத்துல் முகத்தஸுக்கு அச்சமின்றி வரலாம். தம் கடிதம் இல்லாதவரை அனுமதிக்க வேண்டாமென ரிச்சர்டே கேட்டும், வந்தவர்களைச் சுல்தான் தடுக்கவில்லை. எதிரிப்படையிலும் ஒரு மார்க்கத் தலைவர் இருந்தார். ஸாலிஸ்பரி பிஷப் ஹூபர்ட் வால்டர். அக்கா முற்றுகையில் பட்டினி கிடந்த ஏழைச் சிப்பாய்களுக்கு உணவு திரட்டியவர். அவரும் யாத்திரை வந்து சுல்தானைச் சந்தித்து, தம் திருச்சபைப் பாதிரிமார் அங்கே வழிபாடு நடத்த அனுமதி பெற்றுச் சென்றார். போரை ஆசீர்வதிக்க வந்தவர் கடைசியில் வழிபாட்டுக்கு இடம் கேட்டு நின்றார், அதுவும் கிடைத்தது.

சுல்தானுக்கு இந்தச் சமாதானத்தில் முழு மனம் இல்லை. படை களைத்திருந்ததை அறிந்த காஜி இதை நன்மை என்றே கருதினார்கள். ஆறு மாதமே கழிந்து, 1193 மார்ச் 4இல் சுல்தான் டமாஸ்கஸில் மறைந்தார். போர் நடுவே அது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்? கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹமும் ஒரு பொற்காசும் மட்டுமே.

அதன்பின் ஹலப் நகரில் நெடுங்காலம் காஜியாக இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை, சம்பாத்தியத்தில் மதரஸாவும் ஹதீஸ் பாடசாலையும் கட்டினார்கள். முதுமையில் குளிர் தாங்காமல் கம்பளி மேல் கம்பளி போர்த்தி அமர்ந்திருப்பார்களாம். பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற இப்னு கல்லிகான் அக்கோலத்தைக் கண்ட மாணவர். 1234இல் வஃபாத்தாகி, அவ்விரு கட்டடங்களுக்கும் நடுவே அடக்கம் செய்யப்பட்டார்கள்.