முயலின் குடல் சொன்ன உண்மை

காலையில் ஏர் பிடித்தவர் மாலையில் பாடை ஏறிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அந்தக் கொடுமைக்கு வாந்திபேதி என்று பெயர். மருத்துவ நூல்கள் காலரா என்கின்றன. எங்கள் தென்காசிப் பக்கத்து முதியவர்கள் அப்பெயரை இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள். அந்நோய் எவ்வாறு உயிரைப் பறிக்கிறது என்பதைச் சோதனையால் காட்டியவர் வங்கத்து மருத்துவர் சம்பு நாத் டே. விலங்கியல் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், அவர் வாழ்வைச் சுருக்கமாக எழுத விழைகிறேன்.

டே அவர்கள் 1915 பிப்ரவரி 1-இல் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். உதவித்தொகை பெற்றுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று, 1949-இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

அதே கல்கத்தாவில்தான் 1884-இல் ராபர்ட் காக் காலராக் கிருமியை ஆராய்ந்தார். அக்கிருமி ஒரு நஞ்சைக் கக்குகிறது என்று அவர் ஊகித்தார். ஆனால் எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த நஞ்சை ஐயமற மெய்ப்பித்தவர் எவருமில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தவர்களே பலர். நோய் குடலில் இருக்க, நஞ்சை வேறிடத்தில் தேடுவானேன் என்று எண்ணினார் டே.

முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி அரிசி களைந்த நீர் போன்ற திரவத்தால் புடைத்திருந்தது. கிருமியில்லாத வெறும் ஊட்டக் கரைசல் செலுத்திய பகுதியோ சுருங்கியே கிடந்தது. இது 1953-இல் வெளியாயிற்று. 1959-இல் இன்னும் ஒரு படி சென்றார். கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கொல்வது கிருமியின் உடல் அன்று, அது வெளியிடும் நஞ்சே என்பது தெளிவாயிற்று. அதே 1959-இல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தாரும் முயல் குட்டிகளைக் கொண்டு, வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தனர்.

அந்த நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை. உப்பையும் நீரையும் கொட்டச் செய்கிறது. சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உறிஞ்சும் ஆற்றல் குடலில் அப்படியே இருக்கிறது. இது பிறர் ஆய்வுகளால் பின்னர் விளங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பதன் காரணம் இதுவே. 1971-இல் பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைக் கொடுத்துப் பல்லாயிரவரைக் காத்தார்.

டேயின் கட்டுரை புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் வந்தும், உலகம் அதன் அருமையை உணர ஆண்டுகள் பல சென்றன. அவர் 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். தாய்நாட்டின் பெரும் பரிசு எதுவும் காணாமலேயே 1985 ஏப்ரல் 15-இல் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கைப்பேசியில் புதிய மருந்து, புதிய ஆராய்ச்சி என்று செய்தி வந்தால், மெய்யா பொய்யா என்று தெருவே என்னிடம் கேட்கிறது. அப்போது டே கற்பித்த மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்கிறேன். நோய் உள்ள இடத்திலேயே சோதித்தார்களா? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத பிரிவு ஒன்று இருந்ததா? வேறொருவரும் அதையே கண்டாரா? ஆய்வு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது இவற்றுள் இல்லை.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் பல்லாயிரம் பேர் கூடுவர். வயிற்றுப்போக்கும் உடன் வரும். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்னும் பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. தோழர்களே, அந்தப் பேச்சை மாற்றுவது நம் கடமை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் சர்க்கரை ஆறு சிறு கரண்டி, உப்பு அரைச் சிறு கரண்டி, இரண்டும் தலைதட்டி அளந்து கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டச் சொல்லுங்கள். தாமதியாமல் மருத்துவமனைக்கும் அனுப்புங்கள். அந்த அறிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.