பாலசரஸ்வதி அம்மையாரும் அவரை உருவாக்கிய இல்லமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடியிலுள்ள தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்வோர்க்கு, ஒருசில வீடுகளினின்று தட்டுக்கழியின் ஓசையும், அதற்கியையச் சிறுமியர் பாதம் பெயர்த்து மிதிக்கும் ஒலியும் செவியிற் படுவதுண்டு. அவ்வீட்டுத் திண்ணையிலே, பாடம் முடியுந்துணையும் காத்திருக்கும் தாய்மாரையும் யாம் கண்டிருக்கிறோம். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களினின்று பேருந்தேறி வந்தோரும் அவர்களில் உளர். மகளின் விருப்பத்தைத் தடுக்கவும் மனமில்லை. இக்கலை நாளை அவளுக்குச் சோறிடுமா என்னும் அச்சமும் நீங்கவில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் பெற்றோரை நினைந்தே, நாட்டியக் கலையரசியாக விளங்கி மறைந்த பாலசரஸ்வதி அம்மையாரின் வரலாற்றை, அவரைப் பெற்று வளர்த்த இல்லத்தின் வரலாற்றோடு சேர்த்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1918-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் சென்னையிலே பிறந்தார். அவர்தம் பாட்டியார், வீணை தனம்மாள் என நாடெங்கும் போற்றப்பெற்றவர். தாயார் ஜயம்மாள், பாடுவதில் வல்லவர். தஞ்சை அரசவையில் இசையும் நடனமும் பயின்று பணிபுரிந்த பாப்பம்மாள் என்பவர் தொடங்கி எண்ணினால், பாலசரஸ்வதி அக்குடியின் ஏழாந் தலைமுறையினர் ஆவர். தம்பியருள் ரங்கநாதன் மிருதங்கத்திலும், விசுவநாதன் புல்லாங்குழலிலும் பின்னாளிற் பெரும் புகழ் பெற்றனர்.

சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த தனம்மாளின் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணையிசை நிகழும். பெரிய வித்துவான்கள் வந்து, ஓசை படாமல் அமர்ந்து கேட்டுச் செல்வர். அவ்வீட்டுக் குழந்தைகள் இசையைப் பாடமாகக் கற்பதற்கு முன்னரே காற்றாகச் சுவாசித்தனர் என்னலாம். நம் திண்டுக்கல் மக்கட்கு இதை விளக்குவது அரிதன்று. 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டினைச் செய்யும் பட்டறைகளில், தந்தையின் அருகிருந்து அரத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு, எந்த ஓசை சரி, எந்த ஓசை பிழை என்பது கைத்தொழில் கற்குமுன்னரே விளங்கிவிடுமன்றோ? கேட்டறிந்த செவி கையை நடத்துகின்றது. பாலசரஸ்வதியிடத்தில் அது காலை நடத்திற்று.

ஆயினும், இசை நிறைந்த அவ்வீட்டில் நாட்டியம் எளிதில் இடம் பெற்றதென்று எண்ணுதல் தவறாகும். தனம்மாளின் பாட்டியார் காமாட்சி அம்மாள் நடனத்தில் தேர்ந்தவராயினும், அவர்க்குப்பின் அக்குடும்பம் பெரிதும் இசையிலேயே நின்றுவிட்டது. மேலும், அக்காலம் சதிர் என வழங்கிய இந்நடனத்திற்கு இடுக்கண் சூழ்ந்த காலம். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்னும் கிளர்ச்சி வலுத்து வந்தது. அவ்வழக்கம் ஒழியவேண்டியதே, எனினும், வழக்கத்தின்மேற் சென்ற வெறுப்பு கலையின்மேலும் அதனைக் காத்துவந்த குடும்பங்களின்மேலும் படிந்தது. அந்நாளில் ஒரு சிறுமியை நடனத்திற்கு விடுவதென்றால், அவளை ஊர்ப்பழிக்கு விடுவதென்றே பலர் கருதினர். குடும்பத்தாரிடையேயும் தயக்கம் மிகுந்திருந்தது.

குழந்தையோ மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளின் நடனத்தைக் கண்டு, அதிலே உள்ளம் பறிகொடுத்திருந்தது. ஜயம்மாள் துணிந்தார். மகளின் விருப்பம் விளையாட்டு அன்று என்பதை அவர் கண்டுகொண்டார். கண்டபின் அரைமனத்தோடு நிற்கவில்லை. நான்கைந்து வயதுக் குழந்தையை, கந்தப்ப பிள்ளை என்னும் நட்டுவனாரிடம் ஒப்புவித்தார்.

கந்தப்ப பிள்ளை, தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தாரின் வழிவந்தவர். இன்று மேடைகளில் நாம் காணும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் முறையை வகுத்தமைத்தோர் அந்நால்வரே. கந்தப்ப பிள்ளை லயத்தில் அணுவளவு பிழையும் பொறாதவர். அரைமண்டியில் அமர்ந்த உடல் சற்றே உயர்ந்தாலும், முழங்கால் விலகல் குறைந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களிலும் தட்டி, உடலுக்கு அது தானாக வரும் வரையில் விடமாட்டார். விடியற்காலை தொடங்கிப் பயிற்சி நீளும். பிற குழந்தைகள் தெருவில் விளையாடும் நேரம் இக்குழந்தைக்கு இல்லை.

இவ்விடத்தில் தாயின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் குழந்தை களைத்து நிற்பதைக் காணும் தாய்க்கு, ஆசிரியர்பால் சென்று இன்று போதும் என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. ஒருமுறை சொன்னால் மறுமுறையும் சொல்ல நேரும். ஆசிரியரின் கையும் தளரும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் வரையில் எத்துணை ஆராய்ச்சியும் தகும். தேர்ந்தபின் இடைபுகுதல் தகாது என்னும் நெறியை ஜயம்மாள் கடைப்பிடித்தார். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்பதையும், இவ்விரண்டையும் பகுத்தறியும் பொறுப்பு பெற்றோரைவிட்டு ஒருநாளும் நீங்காது என்பதையும், இக்காலத்துப் பெற்றோர்க்கு யாம் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மேனாட்டிலும் இதனை ஒத்த வரலாறொன்று உண்டு. ருஷ்ய நாட்டிலே 1881-இற் பிறந்த அன்னா பாவ்லோவா, துணி வெளுத்துப் பிழைத்த ஏழைத் தாயின் மகள். உடல் நலிந்த அக்குழந்தையைத் தாய் 1890-ஆம் ஆண்டளவிற் பாலே நடனம் ஒன்றைக் காண அழைத்துச் சென்றாள். அன்று முதல் அக்குழந்தை வேறொன்றையும் விரும்பவில்லை. முதன்முறை நடனப்பள்ளியிற் சேர்க்க மறுக்கப்பெற்று, 1891-இல் பத்து வயதிற் சேர்ந்து, 1899-இல் தேறி, உலகப் புகழ் எய்தினாள். அங்கே ஓர் வேறுபாடு உண்டு. ருஷ்யச் சிறுமியர்க்கு உணவும் உறையுளும் ஆசிரியரும் அளித்துக் காத்தது அரசு. பள்ளியில் தேறியவர்க்கு அரசின் நாடக அரங்கும் காத்திருந்தது. பாலசரஸ்வதிக்கோ பள்ளியும் அரங்கும் காப்பும் ஆகிய எல்லாம் அவர் பிறந்த இல்லமே. ஓர் அரசு செய்த காரியத்தை ஒரு தாய் தனியே செய்யவேண்டியிருந்தது.

1925-ஆம் ஆண்டில், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியிலே பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அரங்கேற்றத்தோடு கல்வி முடிந்தது என்று கருதும் வழக்கம் இன்று பலரிடம் காணப்படுகின்றது. அவ்வில்லத்தில் அதுவே கல்வியின் தொடக்கமாயிற்று. கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றார். பின்னர்க் கூசிபூடி மரபிற் பேராசிரியராகிய வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் பாடங் கேட்டார். தனம்மாள் குடும்பத்தின் பெருஞ்செல்வமாகிய க்ஷேத்ரக்ஞர் பதங்களைத் தாயிடமே பெற்றார். பாடத் தெரியாதவர்க்குப் பதம் ஆடவராது என்பது அக்குடும்பத்தின் துணிபு. ஆதலின் ஆடுங்கால் தாமே பாடவும் வல்லவரானார். ஒரே அடியைத் தாய் பலவாறு திருப்பிப் பாட, மகள் ஒவ்வொரு முறையும் புதியதொரு கருத்தை முகத்திலும் கையிலும் காட்டுவார். பல்லாண்டுகள் மகளின் நடனத்திற்குப் பாடியவர் ஜயம்மாளே. பிள்ளையை மேடைவரை கொண்டுவந்து விட்டுத் திரும்பாமல், மேடையிலும் உடனிருந்து தோள்கொடுத்த தாய் அவர்.

1933-இல் சென்னை மியூசிக் அகாடமியிலும், 1934-இல் கல்கத்தாவிலும் அம்மையார் ஆடினார். பாவ்லோவாவுடன் மேனாட்டு மேடைகளில் ஆடிப் புகழ்பெற்ற உதயசங்கர், இவ்விளம்பெண்ணின் கலையைக் கண்டு பெரிதும் வியந்தார். நட்டுவனார் குழு ஆடுபவரின் பின்னே நின்று நகரும் பழைய வழக்கத்தை மாற்றி, இசைக்குழுவினரை மேடையின் ஒருபுறம் அமரச்செய்த கந்தப்ப பிள்ளையின் சீர்திருத்தமும் இக்காலத்தே பரவியது.

பின்பு வந்தவை சோதனை நாட்கள். 1938-இல் தனம்மாள் மறைந்தார். உதயசங்கர் அல்மோராவில் அமைத்த கலைக்கூடத்திற்குக் கற்பிக்கச் சென்ற கந்தப்ப பிள்ளை 1941-இல் காலமானார். அம்மையார்க்கு அப்பொழுது வயது இருபத்து மூன்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது. நாட்டியம் பரதநாட்டியம் என்னும் பெயரோடு புதிய குடும்பங்களிற் புகுந்து மதிப்புப் பெற்ற அதே காலத்தில், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. அம்மையாரை நோயும் வருத்திற்று. மேடை வாய்ப்புகளும் அருகின. சோறிடுமா என்னும் திண்ணைத் தாயின் வினா, இப்பெருங்கலைஞரின் வாழ்விலும் எழுந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அக்காலத்தே அவரைத் தாங்கியது புகழன்று. வீட்டிலே நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்த இசையும், தாயின் துணையுமே.

1953-இல் மியூசிக் அகாடமியின் ஆதரவில் நடனப்பள்ளி தோன்றியது. கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன் நட்டுவாங்கஞ் செய்ய, அம்மையார் அங்கே கற்பித்தார். ஆசிரியர் ஈந்ததை ஆசிரியர் மகனோடு சேர்ந்தே பிறர்க்கு வழங்கினார். 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1957-இல் பத்மபூஷண் விருதும் வந்தன. வே. ராகவன் அவர்களுடன் சேர்ந்து அம்மையார் எழுதிய பரதநாட்டிய நூல் 1959-இல் வெளிவந்தது. 1961-இல் ஜப்பானின் டோக்கியோ நகரிலும், 1962-இல் அமெரிக்காவிலும், 1963-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவிலும் ஆடி, மொழியறியாதாரையும் உருக்கினார். சிறு கண்ணனை அழைக்கும் தாயாக நின்று, கிருஷ்ணா நீ பேகனே என்னும் கன்னடப் பாட்டிற்கு அவர் செய்த அபிநயம், கண்டோர் நெஞ்சைவிட்டு நீங்காததாயிற்று. 1973-இல் மியூசிக் அகாடமி, இசைவாணர்க்கே அளித்துவந்த சங்கீத கலாநிதிப் பட்டத்தை முதன்முறையாக ஒரு நாட்டியக் கலைஞராகிய இவர்க்கு அளித்தது. சத்யஜித் ராய் இவரைப்பற்றி 1976-இல் படமெடுத்தார். 1977-இல் பத்மவிபூஷண் வந்தது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். மகள் லட்சுமியும், அவர்க்குப்பின் பேரன் அனிருத்தரும் அக்கலையைத் தொடர்ந்தனர்.

இவ்வரலாற்றினின்று, திண்ணையிற் காத்திருக்கும் தாய்க்கு யாது சொல்லலாம்? மகள் பாலசரஸ்வதி ஆவாள் என்று உறுதி கூற எவராலும் ஆகாது. ஆயினும், ஜயம்மாள் செய்தவற்றுட் பல எவர்க்கும் இயல்வன. குழந்தையின் விருப்பம் மெய்யானதா என்று பொறுத்திருந்து அறிதல். நல்லாசிரியரை நாடி ஒப்புவித்தல். வீட்டிலே இசை கேட்கும்படி வைத்தல். அரங்கேற்றத்தை முடிவாகக் கொள்ளாமை. கைதட்டல் ஓய்ந்த ஆண்டுகளில் உடனிருத்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நெடும்பொறுமை வேண்டும்.

நம் கல்லூரி மாணவருள்ளும், பெற்றோர் அஞ்சும் ஒரு கலையை நெஞ்சில் மறைத்து வைத்திருப்போர் சிலர் இருக்கக்கூடும். அன்னோர் தம் பெற்றோரின் அச்சத்தை இகழாதிருப்பாராக. அவ்வச்சமும் அன்பின் வழிப்பட்டதே. நாள்தவறாத உழைப்பினால் தம் விருப்பம் மெய்யென்று காட்டுவாராக. பெற்றோரும், விடுமுறையில் வீடுவந்த மகனோ மகளோ தயங்கித் தயங்கி அதனை எடுத்துரைக்கும் நாளில், மறுமொழி கூறுமுன் ஒருமுறை ஜயம்மாளை நினைப்பாராக.