அடி வாங்காத கலைஞன் – ஜாக் ஜான்சன்



குத்துச்சண்டை என்றதும் நம் கண்முன் வருவது என்ன? ஓங்கி இறங்கும் குத்து, சரிந்து விழும் எதிராளி, பத்து வரை எண்ணும் நடுவர். அடிக்கிறவனைத்தான் நாம் பார்க்கிறோம். ஆனால் அந்த விளையாட்டைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அடிப்பது பாதிக் கலை, அடி வாங்காம நிற்பது மீதிப் பாதி என்பார்கள். அந்த மீதிப் பாதியில் இன்றும் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஒருவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கடைசியில் அவரை வேறொரு காலத்து வீரரோடு மோதவிட்டும் பார்ப்போம்!

அவர் பெயர் ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர்.

துறைமுகத்துப் பையன்

1878 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். படிப்பு சில ஆண்டுகளோடு சரி. பிறகு துறைமுகத்தில் கூலி வேலை.

அந்தக் காலத்தில் வெள்ளையர்களுக்கு ஒரு வேடிக்கை இருந்தது. கறுப்பு இளைஞர்கள் பலரை ஒரே மேடையில் ஏற்றி, கடைசியில் ஒருவன் மிஞ்சும்வரை அடித்துக்கொள்ள விடுவார்கள். மிஞ்சியவனுக்குச் சில்லறை வீசுவார்கள். ஜான்சனும் இப்படித்தான் தொடங்கினார். நாலு பக்கமும் கை வரும் இடத்தில், எந்தக் கை எப்போது வரும் என்று பார்க்கப் பழகாதவன் பிழைக்க முடியாது, இல்லையா?

ஜெயிலில் நடந்த வகுப்பு

1901 பிப்ரவரி. கால்வெஸ்டனில் ஜோ சொயின்ஸ்கி என்ற அனுபவசாலியோடு ஜான்சன் மோதினார். சொயின்ஸ்கி எடையில் குறைந்தவர், வயதில் மூத்தவர். மூன்றாவது ரவுண்டிலேயே ஒரே குத்தில் ஜான்சன் தரையில் கிடந்தார்.

கதை அங்கே முடியவில்லை. பணத்துக்காகக் குத்துச்சண்டை போடுவது டெக்சாஸில் அப்போது குற்றம். காவலர்கள் வந்து ஜெயித்தவர், தோற்றவர் இருவரையும் ஒரே ஜெயிலில் போட்டார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் உள்ளே! சும்மா உட்கார்ந்திருக்காமல் இருவரும் தினமும் பயிற்சிச் சண்டை போட்டார்கள். இவ்வளவு வேகமாக நகரத் தெரிந்தவன் அடி வாங்கவே கூடாது என்று சொயின்ஸ்கி அவருக்கு எடுத்துச் சொன்னாராம். தன்னை வீழ்த்தியவரையே வாத்தியாராக ஏற்றுக்கொண்டு, ஜெயிலையே வகுப்பறையாக்கிக்கொண்டார் ஜான்சன்.

அந்தத் தடுப்பு எப்படி?

மெக்கானிக்ஸ் படித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு குத்தின் பலம் அதன் வேகத்தில் இருக்கிறது. கை முழுதாக நீண்டு வேகம் பிடித்த பிறகு அதைத் தடுப்பது கஷ்டம். கிளம்பும்போதே தடுத்துவிட்டால் அதில் பலமே இருக்காது. ஜான்சன் செய்தது இதைத்தான். இடது கையை முன்னே நீட்டி எதிராளியைத் தூரத்தில் வைப்பார். வலது கையை விரித்த உள்ளங்கையோடு மார்புக்கு முன்னால் வைத்து, வரும் குத்தைப் பந்து பிடிப்பது போலப் பிடிப்பார். நெருங்கி வந்தால் எதிராளியின் புஜத்தையே அழுத்திப் பிடித்துவிடுவார். புஜம் அசையாவிட்டால் முஷ்டி எங்கிருந்து வரும்? அந்தப் பிடியிலிருந்தபடியே கீழிருந்து மேலாக ஓர் அப்பர்கட்! இத்தனைக்கும் நடுவே சிரித்துக்கொண்டும் எதிராளியோடு பேசிக்கொண்டும் இருப்பார்.

1903-ல் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். உலகப் பட்டம் மட்டும் எட்டவில்லை. அப்போதைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸ் கறுப்பர்களோடு பட்டத்துக்காக மோத மறுத்து, 1905-ல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

சிட்னியும் ரீனோவும்

பின்னர் சாம்பியனான கனடா நாட்டு டாமி பர்ன்ஸை ஜான்சன் ஊர் ஊராகத் துரத்தினார். கடைசியில் 30,000 டாலர் தந்தால் மோதுகிறேன் என்று பர்ன்ஸ் இறங்கி வந்தார். ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர்தான். 1908 டிசம்பர் 26, ஆஸ்திரேலியாவின் சிட்னி. பதினான்காவது ரவுண்டில் பர்ன்ஸ் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் போலீஸே சண்டையை நிறுத்தியது. ஜான்சன் உலக சாம்பியன்!

வெள்ளை அமெரிக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. எழுத்தாளர் ஜாக் லண்டன் உட்படப் பலர், ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஜெஃப்ரிஸைத் திரும்பி வரச் சொல்லி அழைத்தார்கள். அவரும் வந்தார். 1910 ஜூலை 4, நெவாடா மாநிலம் ரீனோ. கொளுத்தும் வெயிலில் ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் சுற்றிலும் கூச்சலிட, நடுவில் ஜான்சன் நிதானமாக ஜெஃப்ரிஸின் குத்துகளைப் பிடித்துப் பிடித்துப் போட்டார். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் வாழ்க்கையில் முதல் முறையாகத் தரையில் விழுந்தார். அதோடு ஆட்டம் முடிந்தது.

அன்றிரவு அமெரிக்காவின் பல ஊர்களில் கலவரம். கறுப்பர்கள் கொண்டாடியதற்காகவே தாக்கப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் சண்டையின் திரைப்படத்தைப் பல நகரங்கள் தடை செய்தன. 1912-ல், குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே தடை விதித்துச் சட்டம் வந்தது.

தடுக்க முடியாத அடி

ரிங்குக்குள் தோற்கடிக்க முடியாதவரைக் கோர்ட்டில் வைத்துத் தோற்கடித்தார்கள். ஜான்சன் வெள்ளைப் பெண்களோடு பழகினார், மணமும் செய்துகொண்டார். பெண்களை விபசாரத்துக்காகக் கடத்துவதைத் தடுக்க 1910-ல் வந்த மான் சட்டம் என்ற சட்டத்தை அவர்மேல் பாய்ச்சினார்கள். 1913-ல் வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

ஜான்சன் நாட்டை விட்டுத் தப்பினார். ஏழு ஆண்டுகள் ஐரோப்பா, கியூபா, மெக்சிகோ என்று அலைச்சல். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில், 45 ரவுண்டு என்று வைத்த போட்டியின் 26-வது ரவுண்டில், ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். அப்போது அவருக்கு 37 வயது. அவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பர், ஜோ லூயிஸ், அந்தப் பட்டத்தைப் பிடிக்க 1937 வரை ஆயிற்று.

அவரை அப்பழுக்கற்ற மகான் என்று நான் சொல்லவில்லை. மனைவி எட்டாவை அடித்தவர். அந்தப் பெண் 1912-ல் தற்கொலை செய்துகொண்டார். சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டு போன்ற திறமையான கறுப்பு வீரர்களுக்குப் பட்டத்துக்காக மோத வாய்ப்பே தரவில்லை. தனக்கு அடைக்கப்பட்டிருந்த கதவைத் தானும் பிறருக்கு அடைத்தார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வாழ்க்கை வரலாறு.

நம்ம டிபார்ட்மென்ட் ஆளு!

1920-ல் அவரே வந்து சரணடைந்து, லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்தார். அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் நமக்கு ரொம்ப நெருக்கமானது. கையிலிருந்த கருவிகள் திருப்தி தராததால் ரெஞ்ச் ஒன்றைத் திருத்தி வடிவமைத்தார். 1922 ஏப்ரல் 18 அன்று அதற்கு 1,413,121 என்ற எண்ணில் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. மங்கி ரெஞ்ச் என்ற பெயரே அவரைக் கேலி செய்யப் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. அந்தப் பெயர் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. ஆனால் பேட்டன்ட் உண்மை!

1946 ஜூன் 10. வட கரோலினாவில் ஓர் உணவு விடுதியில், கறுப்பர் என்பதற்காக உரிய மரியாதையோடு பரிமாற மறுத்தார்கள். கோபத்தோடு காரை ஓட்டிச் சென்றவர் விபத்தில் இறந்தார். வயது 68.

அலியோடு ஒரு கற்பனை

இப்போது மணி அடிக்கலாமா? ஒரு மூலையில் 1910-ம் ஆண்டு ஜான்சன். மறு மூலையில் 1966-ம் ஆண்டு முகமது அலி. பின்னாளில், 1980-ல், நம்ம சென்னைக்கே வந்து காட்சிப் போட்டி ஆடினாரே, அவரேதான். எடை இருவருக்கும் ஏறத்தாழ ஒன்று, 95 கிலோ. அலி இரண்டு அங்குலம் உயரம் அதிகம்.

இருவருமே அடி வாங்காத கலைஞர்கள். ஆனால் வழி வேறு. ஜான்சன் கையால் தடுப்பார், அலி காலால் தப்பிப்பார். ஜான்சன் நின்ற இடத்தில் எதிராளியை வரவழைப்பார். அலி வரவே மாட்டார், சுற்றிச் சுற்றி ஆடுவார். முதல் நாலு ரவுண்டில் ஒன்றுமே நடக்காது. ஜனங்கள் விசிலடித்து ஊளையிடுவார்கள். இருவரும் வாயால் மட்டும் ஓயாமல் குத்திக்கொள்வார்கள்! பிறகு அலியின் இடது கை ஜாப் தூரத்திலிருந்து வர ஆரம்பிக்கும். மூன்றில் இரண்டை ஜான்சன் உள்ளங்கையில் பிடிப்பார், ஒன்று முகத்தில் படும். அருகில் வந்தால் அலி பாடு ஆபத்து. அந்தப் பிடியும் அப்பர்கட்டும் அலி பார்த்திராதவை.

யார் ஜெயிப்பார்? எந்தக் காலத்து விதி என்பதைப் பொறுத்தது. 1966-ன் விதிப்படி 15 ரவுண்டு, கட்டிப்பிடித்தால் நடுவர் உடனே பிரித்துவிடுவார் என்றால், பாயின்ட்டில் அலி. 1910-ன் விதிப்படி 45 ரவுண்டு, பிடித்துக்கொண்டே அடிக்கலாம் என்றால், முப்பது தாண்டியதும் அலியின் கால்கள் ஓய்ந்துபோகும், அப்போது ஜான்சன். இது என் கணக்கு. மறுப்பவர்கள் கேன்டீனுக்கு வாங்க, பேசிக்கொள்ளலாம்!

ஆனால் இன்னொரு சண்டையில் இருவரும் ஒரே மூலையில் நின்றவர்கள். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்தார்கள். ஜான்சனின் கதையை வைத்து எழுதப்பட்ட நாடகத்தைப் பார்த்த அலி, இது என் கதைதான் என்று உணர்ந்தாராம். அலிக்கு 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. ஜான்சனுக்கு? 2018 மே 24 அன்று அதிபர் டொனால்டு டிரம்ப் மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு!

நண்பர்களே, முதல் தோல்வியில் ஜான்சன் தன்னை வீழ்த்தியவரிடமே பாடம் கேட்டார். ஊரே எதிர்த்துக் கூச்சலிட்டபோது நிதானத்தை விடவில்லை. தண்டனைக் காலத்திலும் ஒரு கருவியைத் திருத்தினார். அரியர்ஸ் வைத்திருப்பவர்களும், இன்டர்வியூவில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. விழுந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்தக் குத்தில் விழுந்தோம் என்று பார்த்துக்கொண்டு எழுந்திருப்போம். பத்து எண்ணி முடிக்க இன்னும் நேரம் இருக்கிறது!