ராண்ட்ஜனின் நிழற்படம்

எங்கள் ஊர் வீட்டுப் பரணில், பழுப்பு நிற உறைக்குள், என் அத்தையின் மார்பு எக்ஸ்-ரே படம் ஒன்று இன்னும் கிடக்கிறது. இருமல் விடவில்லை என்று 2016-ஆம் ஆண்டில் எடுத்த படம். அதைப் பார்த்த மருத்துவமனையில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, இதயத்திற்குப் பின்னால், இடப்பக்க நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி தெரிந்தது. அடுத்த பொங்கலுக்கு அத்தை இல்லை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

இன்று தில்லியில் இயற்பியல் முதுகலை மாணவன். ஸ்கேன் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடக் கணிப்பொறியைப் பழக்குவதே என் ஆய்வு. சங்க மலருக்கு அறிவியல் அறிஞர் ஒருவரின் வரலாறு வேண்டும் என்று செயலாளர் கேட்டவுடன் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. வில்லெம் கான்ராட் ராண்ட்ஜன் என்றே எழுதத் தொடங்கிவிட்டேன்.

அவர் பிறந்தது 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஜெர்மனியில் உள்ள லென்னெப் என்னும் சிற்றூரில். தந்தை துணி வணிகர். தாய் ஹாலந்துக் குடும்பத்தவர். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் ஹாலந்துக்கே குடிபெயர்ந்தது. ஆகவே நம்மைப் போல அவரும் பிறந்த மண்ணை விட்டு வெளியே வளர்ந்தவர்தாம்.

உட்ரெக்ட் நகரப் பள்ளியில் படிக்கும்போது ஒரு வம்பு வந்தது. ஆசிரியர் ஒருவரைக் கேலியாகப் படம் வரைந்துவிட்டான் ஒரு மாணவன். வரைந்தவன் ராண்ட்ஜன் அல்லன். ஆனால் வரைந்தவன் யார் என்பது அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மறுத்தார். பள்ளியை விட்டு நீக்கினார்கள். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாமற் போயிற்று. சேர்க்கை அலுவலகத்தில் ஒரு தாள் குறைந்ததற்காக நாள் முழுவதும் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அவருக்கோ அந்தத் தாள் பல்லாண்டு வழி மறித்தது. நுழைவுத் தேர்வு எழுதினால் போதும் என்றிருந்த ஜூரிச் பொறியியற் கல்லூரிதான் 1865-இல் அவருக்கு இடம் கொடுத்தது. 1869-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பிறகு தம் ஆசிரியர் குண்டு என்பவருடன் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்திற்குப் போனார். சான்றிதழ் இல்லாதவருக்கு விரிவுரையாளர் தகுதி இல்லை என்று அங்கே மறுத்துவிட்டார்கள். அதே பல்கலைக் கழகம் 1888-இல் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-இல் தலைமைப் பதவியிலும் அமர்த்தியது! இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் கீசனிலும் பணி. பொறுமையாக அளப்பவர், கூச்ச சுபாவம் உடையவர், தனியாகவே வேலை செய்பவர் என்று பெயர் எடுத்தார்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அறையையும் இருட்டாக்கியிருந்தார். சற்றுத் தள்ளி இருந்த திரை ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. பேரியம் உப்புப் பூசிய திரை அது. மூடிய குழாயிலிருந்து ஒளி வர வழியில்லை. வேறு எதுவோ அட்டையைத் துளைத்து வருகிறது! அந்த எதுவோவுக்குக் கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே பெயராக வைத்தார்.

அதன்பின் ஏழு வாரம் அவர் ஆய்வறையை விட்டு வெளியே வந்தது அரிது. புத்தகம், மரக்கட்டை, அலுமினியத் தகடு, ஈயம் என்று ஒவ்வொன்றாகக் கதிரின் எதிரே வைத்துப் பார்த்தார். ஈயம் மட்டும் நன்றாகத் தடுத்தது. டிசம்பர் 22-ஆம் நாள் மனைவி பெர்த்தாவை அழைத்து, கையைப் படத்தகட்டின்மேல் வைக்கச் சொன்னார். கால் மணி நேரம் அந்த அம்மையார் கையை அசைக்காமல் வைத்திருந்தார். கழுவி எடுத்த தகட்டில் விரல் எலும்புகளும் அவற்றில் ஒன்றைச் சுற்றி மோதிரமும் தெரிந்தன. தம் எலும்பைத் தாமே கண்ட அம்மையாருக்குச் சாவையே கண்டதுபோல் இருந்ததாம்.

டிசம்பர் 28-இல் கட்டுரை கொடுத்தார். ஜனவரியில் செய்தி உலகெங்கும் பரவியது. சில வாரங்களிலேயே மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடலில் தைத்த குண்டையும் தேடத் தொடங்கிவிட்டார்கள். காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். பெறவில்லை. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பணத்தை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்திற்கே கொடுத்தார். கதிரின் தீமையும் விரைவிலேயே வெளிப்பட்டது. அமெரிக்காவில் எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, கதிர் பட்டுப் பட்டுக் கைகள் புண்ணாகி, 1904-இல் புற்றுநோயால் இறந்தார்.

ராண்ட்ஜனின் படம் ஒரு நிழல். முன்னும் பின்னும் இருப்பவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுந்துவிடுகின்றன. விலா எலும்பு, இதயம், அதன் பின்னே கட்டி! என் அத்தையின் கதை இதுதான். அந்த நிழலைப் பிரிக்கும் கணிதத்தை ஆஸ்திரியாவின் ராடன் என்பவர் 1917-இல் எழுதினார், மருத்துவத்தை நினைக்காமலே. அப்போது ராண்ட்ஜன் மியூனிக்கில் உயிரோடுதான் இருந்தார். இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு தம் முதற் சோதனையில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்திற்கு ஒன்பது நாள் அளந்தார். 28,000 அளவுகளைக் கொண்டு கணக்கிடக் கணிப்பொறிக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டனில் ஒரு பெண்மணியின் மூளையைப் படம் எடுத்தார்கள்; கட்டி தெரிந்தது.

இன்று ஒரு குறுக்குவெட்டு என்பது பெரும்பாலும் 512 வரிசையும் 512 நிரலும் கொண்ட எண் அட்டவணை. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்கு மைனஸ் 1000. நுரையீரலின் நடுவில் கட்டி இருந்தால் எண்ணே காட்டிக்கொடுக்கும். இரத்தக் குழாயையோ மார்புச் சுவரையோ ஒட்டியிருந்தால் எண்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். அப்போது வடிவத்தைப் பார்க்கப் பழக்கவேண்டும். மருத்துவர்கள் எல்லை வரைந்து தந்த படங்களைக் காட்டிக் காட்டித்தான் பழக்குகிறேன். என் நிரல் சென்ற மாதம் ஒரு தமனியைக் கட்டி என்றது. உண்மையான கட்டி ஒன்றைத் தவறவும் விட்டது. ஸ்வீடனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் மார்பகப் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வில், கணிப்பொறித் துணையோடு பார்த்தபோது கூடுதலான புற்றுநோய்கள் அகப்பட்டன. படம் பார்க்கும் வேலையும் 44 விழுக்காடு குறைந்தது. முடிவு சொன்னவர்கள் மருத்துவர்களே.

சென்ற விடுமுறையில் பரணிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதய நிழலுக்குள் சற்றே அடர்ந்த ஒரு வட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கே பார்ப்பது என்று எனக்கு முன்னமே தெரியும். அன்று பார்த்தவருக்குத் தெரியாது. எத்தனை படங்களுக்கு நடுவே அதைப் பார்த்தாரோ? நெடுநாள் அவர்மேல் இருந்த கோபத்தை இப்போது தேடினாலும் முழுதாகக் கிடைக்கவில்லை.

ராண்ட்ஜனின் கடைசி ஆண்டுகள் துன்பமானவை. போருக்குப் பின் பணம் மதிப்பிழந்து சேமிப்பு கரைந்தது. நெடுநாள் நோயுற்றிருந்த பெர்த்தா 1919-இல் மறைந்தார். 1923 பிப்ரவரி 10-ஆம் நாள், 77-ஆம் வயதில், குடலில் வந்த புற்றுநோயால் அவரும் மறைந்தார். கதிரால் வந்த நோய் அது என்று கருதுவதற்கில்லை. ஆய்வின்போது ஈயத்தின் மறைவில் நிற்பது அவர் வழக்கம். தம் கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்துவிடும்படி எழுதி வைத்திருந்தார், அப்படியே எரித்தார்கள். கீசன் நகரில், பெற்றோருக்கும் பெர்த்தாவுக்கும் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.